விரிசலுக்குள் பெயின்ட்

கோவளத்திலிருந்து கொக்கிலமேடு வரை கடலோரத்து ஊர்களில் இரும்பு படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னல் கம்பி, கேட்டு, சைக்கிள் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்கிறது. ஒரு கேட்டின் அருகில் போய்ப் பாருங்கள். கம்பியின் நடுவில் துரு லேசாக இருக்கும். இரண்டு கம்பிகள் சேரும் மூலையில், வெல்டிங் வைத்த இடத்தில், செதில் செதிலாகத் தடித்திருக்கும். உலோகச் சாமான்கள் பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது அந்த மூலையில்தான்.

விசைப்படகிலும் அப்படி ஒரு மூலை உண்டு. தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பலகை மேல் நிற்பவரை விசைப்படகு கயிறு கட்டி இழுத்துப் போகும். கயிற்றை உயரத்தில் கட்டினால் அவரால் இன்னும் உயரமாக எம்பிக் குதிக்க முடியும். அதற்காகவே படகின் மேல் அலுமினியக் குழாய்களை வளைத்து, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கோபுரம் நிறுத்துகிறார்கள். படகு அலையில் ஏறி விழும்போதெல்லாம் கோபுரம் ஆடும். விழுந்தவர் மறுபடி எழும்போது கயிறு வெடுக்கென்று இழுக்கும். இத்தனையும் கோபுரத்தின் காலில், குழாயும் தகடும் சேர்ந்த வெல்டில் போய் இறங்கும்.

வெல்டிங்கில் இரண்டு உலோகங்களின் விளிம்புகளும் உருகிக் கலந்து, ஒன்றாக உறைய வேண்டும். அலுமினியம் இதற்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் மூடியிருக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பற்றவைத்தால், மேலே அழகாக வழிந்திருக்கும், அடியில் ஒட்டியிருக்காது. ஈரம் இன்னொரு தொல்லை. கடலோர ஈரம் உலோகத்தின் மேலோ, வெல்டிங் கம்பியின் மேலோ படிந்திருந்தால், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்துவிடும். உலோகம் உறையும்போது வெளியேற வழியில்லாமல் குமிழ் குமிழாக உள்ளேயே தங்கிவிடும். பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்கிறார்களே, அதில் ஆர்கான் வாயு காற்றைத் தள்ளி நிறுத்தும். ஆனால் ஏற்கெனவே படிந்த ஈரத்தை அது துடைக்காது.

வெல்டு முடிகிற இடத்தைக் கவனிக்க வேண்டும். வெல்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டால் அங்கே சின்னக் குழி விழும். குழி உறைந்து சுருங்கும்போது நடுவிலிருந்து நட்சத்திரம் போல மயிரிழை விரிசல்கள் பிரியும். கைதேர்ந்தவர் கடைசியில் ஒரு நொடி நின்று, குழியை நிரப்பிவிட்டுத்தான் கையை எடுப்பார். அந்த ஒரு நொடியில்தான் அவருடைய தொழில் சுத்தம் தெரியும்.

இத்தனை சிறிய விரிசல் என்ன செய்துவிடும்? ஒரு காகிதப் பட்டையை இரு முனையிலும் பிடித்து நேராக இழுங்கள். லேசில் கிழியாது. அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வைத்து இழுங்கள். வெட்டின் நுனியிலிருந்து சர்ரென்று கிழியும். காகிதம் முழுதும் பரவ வேண்டிய விசை அந்தக் கூர்மையான நுனியில் வந்து குவிகிறது. உலோகத்திலும் இதேதான் நடக்கிறது. என்ன, ஒரே இழுப்பில் போகாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரிசல் துளித் துளியாக முன்னேறும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள்.

அந்தச் சோர்வு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். வட கடலில், நார்வே நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான 'அலெக்சாண்டர் கீலன்ட்' என்ற மிதக்கும் மேடை இருந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள் தங்குவதற்கான ஐந்து கால் மேடை. 1980 மார்ச் 27 மாலை, புயற்காற்றில் அதன் கால் ஒன்று பிய்ந்து போனது. சற்று நேரத்தில் மேடையே கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

விசாரணை நடத்தியவர்கள் தேடிப்போன வழி ஒரு குட்டிக் குழாயில் போய் நின்றது. நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவியைப் பொருத்த, காலைப் பிடித்திருந்த பெரிய தாங்கு குழாயில் அந்தக் குட்டிக் குழாயைப் பற்றவைத்திருந்தார்கள். பாரம் தாங்காத சின்னச் சாமான்தானே என்று யாரும் அந்த 6 மில்லிமீட்டர் வெல்டைப் பெரிதாக நினைக்கவில்லை. அதில் தொடங்கிய விரிசல் தாங்கு குழாய்க்குள் இறங்கி, அதைச் சுற்றி வந்து, கடைசியில் முறித்தேவிட்டது. உடைந்த பரப்பைச் சோதித்தபோது விரிசலுக்குள்ளே பெயின்ட் இருந்தது! கட்டும் இடத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே விரிசல் விழுந்திருக்கிறது. அன்றைக்கே ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

எப்படிப் பார்ப்பது? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அதற்குப் பேர்போன இடம் இருக்கிறது: கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். உடைக்காமல், அறுக்காமல் உலோகத்துக்குள் பார்க்கும் வித்தையில் கைதேர்ந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அவசியமும்கூட. கல்பாக்கத்தில் உள்ள வேக ஈனுலை என்ற அணு உலையில் வெப்பத்தைச் சுமப்பது திரவ சோடியம். தண்ணீர் பட்டால் அது மூர்க்கமாக வினைபுரியும். அங்குள்ள நீராவி உற்பத்திக் கலம் ஒன்றில் 547 குழாய்கள். உள்ளே தண்ணீர், வெளியே சோடியம். குழாய்களின் இரு முனைகளிலும் வெல்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வெல்டுகளில் ஊசிமுனைத் துளைகூட இருக்கக் கூடாது. அதனால் மிக நுண்ணிய எக்ஸ்-கதிர்ப் புள்ளியால் அவற்றைப் படம் பிடித்துப் பார்த்தார்கள்.

படகுக் கோபுரத்துக்கு எக்ஸ்-கதிர் வேண்டியதில்லை. சிவப்புச் சாயம் போதும். வெல்டைத் துடைத்துவிட்டு, நீர்த்த சிவப்புத் திரவத்தைத் தடவிச் சிறிது நேரம் விடுவார்கள். விரிசல் இருந்தால் திரவம் அதற்குள் தானாகவே இறங்கும். மேலே உள்ளதைத் துடைத்தெடுத்து வெள்ளைப் பொடியைத் தெளித்ததும், உள்ளே ஒளிந்திருந்த சாயத்தைப் பொடி உறிஞ்சி மேலே இழுக்கும். வெள்ளைப் பரப்பில் மெல்ல மெல்ல ஒரு சிவப்புக் கோடு ஊறி வரும். பழைய ரயில்வே பட்டறைகளில் எண்ணெயையும் சுண்ணாம்புப் பொடியையும் வைத்தே இந்தச் சோதனையைச் செய்தார்கள்.

விரிசல் தெரிந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு வெல்டு வைத்து மூடிவிடலாமா? கூடாது; விரிசல் அடியில் உயிரோடுதான் இருக்கும். மறுபடியும் காகிதத்தை எடுங்கள். இன்னொரு பட்டையில் அதே அளவு வெட்டு வைத்து, வெட்டின் நுனியில் பஞ்சிங் மெஷினால் ஒரு வட்ட ஓட்டை போடுங்கள். இப்போது கிழிக்கக் கூடுதல் பலம் வேண்டும், ஏனென்றால் கூர்மையான நுனி போய்விட்டது. பட்டறையிலும் முதலில் விரிசலின் நுனியில் துளை போட்டு அதை நிறுத்துவார்கள். பிறகு கிரைண்டரால் விரிசலை அடிவரை தோண்டியெடுத்து, சிவப்புச் சாயம் தடவிப் பார்த்து, கோடு வரவில்லை என்றால்தான் புதிதாகப் பற்றவைப்பார்கள். அப்படியும் வெல்டிங் சூடு பட்ட அலுமினியம், வகையைப் பொறுத்து, தன் பலத்தில் பாதி வரை இழந்துவிடும். அதனால் கோபுரத்தின் காலடியில் தடித்த தகடு ஒன்றைச் சேர்த்துப் பாரத்தைப் பரப்புவது நல்ல பட்டறைக்காரரின் வழக்கம்.

விசைப்படகில் ஏறும் வாய்ப்புக் கிடைத்தால் கோபுரத்தின் காலடியைப் பாருங்கள். வெல்டை ஒட்டிப் பெயின்ட்டில் மெல்லிய கோடு ஓடியிருக்கிறதா, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? இருந்தால், கயிறு கட்டுவதற்கு முன்னாலேயே படகோட்டும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.