ஓட்டக்காரன் ஒருவனுக்காக விதைநெல்லை விற்பதா?

ஆண்டுதோறும் ஏப்ரில் மாதக் கடைசியிலே அமெரிக்க ஐக்கிய நாட்டில் விசித்திரமான சந்தையொன்று கூடுகின்றது. அங்கே விலைப்படுவது நெல்லுமன்று, மாடுமன்று. பல்கலைக்கழகங்களிலே காற்பந்தாடிப் பெயர்பெற்ற இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முப்பத்திரண்டும் முறைவைத்துப் பெயர்கூறித் தெரிந்துகொள்ளும் சந்தை அது. 'டிராப்ற்' என்பது அந்நாட்டார் அதற்கு வழங்கும் பெயர். நாம் அதனைத் தெரிவு என்றே கூறுவோம். சுற்றுக்கள் ஏழு. சென்ற பருவத்திலே கடைசியில் நின்ற கழகத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் முதலிடம். வாகை சூடிய கழகத்துக்குக் கடைசியிடம். ஆயினும், தன் இலக்கத்துடன் வேறு சில இலக்கங்களையும் சேர்த்துக் கொடுத்து, முன்னே நிற்கும் கழகத்தின் இடத்தை ஒரு கழகம் வாங்கிக்கொள்ளலாம். இதுவே மேலேறுதல். வேகமும் வலிமையும் ஒருங்கே வாய்ந்த ஓட்டக்காரன் ஒருவன் சந்தைக்கு வரும் ஆண்டுகளிலெல்லாம், அவனுக்காக மேலேறலாமா, ஆகாதா என்ற வழக்கு அந்நாட்டிலே தவறாது எழுகின்றது.

எமது கல்லூரி மைதானங்களில் ஆடப்பெறும் உதைபந்தாட்டத்தை மனத்திற்கொண்டு வாசகர்கள் இதனைப் படித்தல் கூடாது. இது றகர் ஆட்டத்தின் தாயாதி. பெயரிலே கால் இருப்பினும் ஆட்டத்திலே பெரும்பாலும் கைக்கே வேலை. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். இயலாவிடிற் பந்து எதிரியின் வசமாகும். குவாற்றர்பக் எனப்படும் தலைவன் பந்தைத் தூர எறியலாம். அன்றிப் பின்னே நிற்கும் 'றன்னிங் பக்' கையிலே கொடுக்கலாம். அவனே நாம் கூறும் ஓட்டக்காரன். மலைபோன்ற ஐவர் முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தள்ளி வழி திறக்க, அவ்வழியாற் பாய்ந்தோடுவது அவன் தொழில். காண்போர் கண்ணெல்லாம் ஓடுபவன் மேலே இருக்கும். வழி திறந்தவனை எவரும் கவனிப்பதில்லை. இவ்வழக்கின் சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகின்றது.

தெரிவு முறையை 1935 ஆம் ஆண்டிற் பிரேரித்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளராயிருந்த பேட் பெல் என்பவர். பணமும் புகழும் உள்ள கழகங்களே நல்ல வீரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போக, அவருடைய கழகம் தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. மெலிந்தவனுக்கு முதலிற் பரிமாறுக என்பதே அவர் கொண்டுவந்த விதி. 1936 பெப்ரவரி 8 ஆம் நாள் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றிலே ஒன்பது கழகங்கள் கூடி முதலாவது தெரிவை நடத்தின. முதன்முதல் அழைக்கப்பட்ட பெயர் சிகாகோப் பல்கலைக்கழகத்து ஜே பேர்வாங்கர். அவரும் ஓட்டக்காரரே! ஈகிள்ஸ் கழகம் அவர்மீதிருந்த உரிமையைச் சிகாகோ பெயர்ஸ் கழகத்துக்கு மாற்றிக் கொடுத்தது. சம்பள விடயத்தில் இணக்கம் ஏற்படாமையால், அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடாமலே வேறு தொழில் பார்க்கப் போய்விட்டார். ஆகவே, ஓட்டக்காரனுக்குக் கைப்பொருளைக் கொடுத்து ஏமாறும் கதை தெரிவு முறையோடு உடன்பிறந்ததென்றே சொல்லலாம்.

இக்கதைகளுள் யாவரும் எடுத்துக்காட்டுவது 1999 ஆம் ஆண்டிலே நியூ ஓர்லியன்ஸ் செயின்ற்ஸ் கழகம் செய்த பேரமாகும். 1967 இல் ஆடத் தொடங்கிய அக்கழகம் அதுவரையும், பருவ முடிவில் வாகைக்காக நடைபெறும் ஆட்டங்களில் ஒன்றிலேனும் வென்றதில்லை. அதன் பயிற்றுநர் மைக் டிற்கா, சிகாகோவிலே பெருவெற்றி கண்டு சிங்கமெனப் பெயரெடுத்தவர். றெக்சஸ் பல்கலைக்கழகத்து ரிக்கி வில்லியம்ஸ் என்னும் இளைஞர்மேல் அவருக்குத் தீராத மோகம் ஏற்பட்டது. வில்லியம்ஸ் 1998 இலே பல்கலைக்கழக ஆட்டத்தின் அதியுயர் விருதாகிய ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றவர். ரோனி டோர்செற் என்பார் நெடுங்காலம் வைத்திருந்த ஓட்டச் சாதனையை முறியடித்தவர். அவருக்காக டிற்கா கொடுத்த விலை யாது? அவ்வாண்டில் தம் கழகத்திடமிருந்த ஆறு தெரிவுகளும் ஒன்று மிச்சமின்றி; அத்துடன் மறு ஆண்டின் முதற் சுற்றும் மூன்றாஞ் சுற்றும். இவ்வெட்டையும் வாஷிங்டன் கழகத்திடம் கொடுத்து ஐந்தாம் இலக்கத்தை வாங்கினார். களஞ்சியத்திலிருந்த நெல்லை மாத்திரமன்று, அடுத்த போகத்து விதைநெல்லையும் அளந்து கொடுத்துவிட்டார் என்க. பின்னர் ஒரு சஞ்சிகையின் அட்டைக்காக வில்லியம்ஸ் மணமகளின் வெண்ணிற உடையணிந்தும், டிற்கா மணமகனாக அருகில் நின்றும் படம் பிடித்துக்கொண்டனர். அந்தக் கோலம் எவருடைய யோசனையோ, இருவருக்கும் நன்மை செய்யவில்லை.

அப்பருவத்திலே செயின்ற்ஸ் வென்றவை மூன்று ஆட்டம், தோற்றவை பதின்மூன்று. காயங்களால் வருந்திய வில்லியம்ஸ் ஓடிய தூரம் 884 யார். டிற்கா பதவி நீக்கப்பட்டார். தோல்வி மலிந்ததனால், விற்றுவிட்ட மறு ஆண்டு முதற்சுற்றுத் தெரிவு நாடு முழுவதிலும் இரண்டாம் இலக்கமாய் உயர்ந்தது. அதனை அனுபவித்தது வாஷிங்டன். வீழ்ந்தவன் தன் வீழ்ச்சியாலேயே பிறனுக்கு இலாபம் ஈட்டிக் கொடுத்த விந்தை இது. வாங்கிய இலக்கங்களுட் சிலவற்றை வாஷிங்டன் மீண்டும் மாற்றி ஏழாம் இடத்துக்கு ஏறித் தெரிந்தெடுத்த சாம்ப் பெய்லி, 2019 இலே புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். (அத்துணைச் சமர்த்தாக வணிகஞ் செய்த அதே வாஷிங்டன், 2004 இல் அப்பெய்லியையும் ஓர் இரண்டாஞ்சுற்றுத் தெரிவையும் டென்வர் கழகத்துக்குக் கொடுத்துப் பெற்றது கிளின்ரன் போற்றிஸ் என்னும் ஓட்டக்காரரையே! ஓட்டக்காரர் மயக்கம் ஒரு வீட்டோடு நிற்பதன்று.)

வில்லியம்ஸ் திறமையற்றவர் என்று கருதுவது பெரும் பிழை. இரண்டாம் பருவத்தில் காயமுறுமுன் பத்தே ஆட்டங்களில் ஆயிரம் யார் ஓடினார். 2002 இல் மயாமிக் கழகத்துக்கு மாறியதும் 1,853 யார் ஓடி அவ்வாண்டில் யாவரினும் முதல்வரானார். அம்மாற்றத்தினால் செயின்ற்ஸுக்கு இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகள் திரும்பக் கிடைத்தன என்பதையும் நீதி கருதிச் சொல்லவேண்டும். ஆனால், நியூ ஓர்லியன்ஸிலே அவர் பத்திரிகையாளர் முன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே பதில் கூறுவது வழக்கமாயிருந்தது. ஊரார் அதனைக் கர்வம் என்றனர். மனிதர் முன்னே நிற்க அஞ்சும் உளநோய் தமக்கிருந்தமையைப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2004 இலே, உடல் வலிமை குன்றாதிருக்கவே, ஆட்டத்தை விட்டு விலகி, மறு ஆண்டு மீண்டும் வந்தார்.

விலையை நிச்சயித்தவர் ஒருவர். அதனை முதுகிற் சுமந்தவர் வேறொருவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடுவைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அப்பிள்ளை பரீட்சை மண்டபத்துள் நுழையும்போது பேனாவை மாத்திரமன்றி அந்தக் காணியையும் சுமந்துகொண்டே நுழைகின்றான். எட்டுத் தெரிவுக்கு ஈடாக ஒருவன் எட்டு மடங்கு ஓடவேண்டும் என்று எதிர்பார்த்தால், நன்றாக ஓடினாலும் அவன் தோற்றவனே.

இனி முழங்காலின் கதை. 1995 இலே சின்சினாற்றிக் கழகம் ஐந்தாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்கேற, தன் ஐந்தாம் இலக்கத்தோடு முப்பத்தாறாம் இலக்கத்தையும் கொடுத்துக் கி-ஜானா கார்ட்டர் என்பவரைத் தெரிந்தது. பருவம் தொடங்குமுன் நடைபெற்ற முதற் பயிற்சி ஆட்டத்தில் மூன்றாம் முறை பந்தேந்தி ஓடுகையில் அவரது முழங்கால் நாண் அறுந்தது. தொழில்வாழ்வு முழுவதிலும் அவர் ஓடியது 1,144 யார். அதே ஆண்டுத் தெரிவிலே ஆறாஞ் சுற்றில், நூற்றுத் தொண்ணூற்றாறாம் பெயராக அழைக்கப்பட்டவர் டெரெல் டேவிஸ். அவர் 1998 என்ற ஒரே பருவத்தில் ஓடியது 2,008 யார். டென்வர் கழகம் இருமுறை நாட்டு வாகை சூட உதவினார். அவரையும் 1999 இல் முழங்கால் கைவிட்டது. 2002 க்குள் அவர் ஆட்டமும் முடிந்தது. ஓட்டக்காரனுடைய தொழில் ஆயுள் குறுகியது. ஒவ்வொரு முறையும் பல மனிதர் மேலே விழ, அவன் உடல் முப்பது வயதுக்குமுன் முதுமை எய்துகின்றது. எறிபவனோ நாற்பது வயதிலும் எறிகின்றான். 2012 இலே கிளீவ்லண்ட் கழகம் ஒரேயொரு படி ஏறி மூன்றாம் இடத்திற் றென்ற் றிச்சர்ட்சனைத் தெரிவதற்கு மூன்று சிறு தெரிவுகளைக் கொடுத்ததும், மறு பருவத் தொடக்கத்திலேயே அவரை வேறு கழகத்துக்கு மாற்றியதும் இவ்வரிசையிற் சேர்வன.

மேலேறியவர் யாவரும் கெட்டனரோ எனின், இல்லை. 1977 இலே டலஸ் கௌபோய்ஸ் கழகம் ஒரு முதற்சுற்றுத் தெரிவையும் மூன்று இரண்டாஞ்சுற்றுத் தெரிவுகளையும் சியாற்றில் கழகத்துக்குக் கொடுத்து இரண்டாம் இலக்கத்தைப் பெற்று, மேலே குறித்த ரோனி டோர்செற்றைத் தெரிந்தது. முதற் பருவத்திலேயே டலஸ் நாட்டு வாகை சூடியது. விலை சிறிதன்று, ஆயினும் டலஸ் முந்திய பருவத்திலேயே பதினான்கு ஆட்டத்திற் பதினொன்றை வென்ற கழகம். வீடு கட்டி முடிந்திருந்தது. வேண்டியிருந்தது விளக்கு மாத்திரமே.

அதனிலும் சிறந்த பேரத்தைச் செய்ததும் அதே டலஸ். 1989 இல் அக்கழகம் பதினாறு ஆட்டத்தில் ஒன்றையே வென்ற பரிதாப நிலையில் இருந்தது. அப்பருவத்தின் நடுவே, தன்னிடமிருந்த ஒரே பெரும் வீரரான ஹேர்ஷல் வாக்கர் என்னும் ஓட்டக்காரரை மினசோற்றா வைக்கிங்ஸ் கழகத்துக்குக் கொடுத்து, ஐந்து வீரர்களையும், மூன்று முதற்சுற்றும் மூன்று இரண்டாஞ்சுற்றும் உட்படப் பல தெரிவுகளையும் பெற்றது. வாக்கர் மினசோற்றாவிலே ஒரு பருவத்திலேனும் ஆயிரம் யாரை எட்டவில்லை. அவ்வாறு வந்த தெரிவுகளுள் ஒன்று 1990 இன் இருபத்தோராம் இலக்கம். அதனோடு ஒரு மூன்றாஞ்சுற்றுத் தெரிவை மாத்திரம் சேர்த்துப் பிற்ஸ்பேர்க் கழகத்துக்குக் கொடுத்து, நான்கே படி ஏறிப் பதினேழாம் இடத்தில் டலஸ் அழைத்த பெயர் எமிற் ஸ்மித். அவர் தம் வாழ்நாளில் ஓடிய 18,355 யாரை எவரும் இன்னும் கடந்தாரில்லை. அவருடன் டலஸ் மூன்றுமுறை வாகை சூடியது. ஓட்டக்காரனை மலைவிலைக்கு விற்று, ஓட்டக்காரனை மடுவிலைக்கு வாங்கிய கதை இது.

இவ்வணிகத்தைப் பொருளியல் அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். 2017 இலே நோபெல் பரிசு பெற்ற றிச்சர்ட் தேலர், கேட் மாசி என்பாருடன் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், முன்னிடங்களுக்குக் கழகங்கள் தகுதிக்கு மிஞ்சிய விலை கொடுக்கின்றன என்று காட்டினார். ஒரே நிலையில் ஆடும் இருவருள் முந்தி அழைக்கப்பட்டவர் அடுத்தவரிலும் மேம்படுவது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதிலும் சற்றே கூடிய நிச்சயந்தானாம். இவ்வாண்டின் இரண்டாஞ் சுற்றுக்காக அடுத்த ஆண்டின் முதற் சுற்றை ஈடாகக் கொடுப்பதும் அவர்களிடையே வழக்கம். கணக்கிட்டாற் கிடைக்கும் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும். எம்மவர் அறாவட்டி என்று தூற்றும் கடன்களும் இதற்கு முன்னே நாணும்.

ஆகவே எமது தீர்ப்பு இது. முன்வரிசையும் குவாற்றர்பக்கும் அமைந்த கழகம், ஒரு மூன்றாஞ்சுற்றுத் தெரிவளவு விலையிற் சில படி ஏறுமாயின் ஏறட்டும். மறு ஆண்டுத் தெரிவைத் தொட நேருமாயின், எத்துணை அழகாக ஓடுபவனாயினும் விட்டுவிடுதல் வேண்டும். ஏறாமலே, இறங்கியும் ஓட்டக்காரனைப் பெறலாம்: 2023 இலே டெற்றொயிற் கழகம் ஆறாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கி, அதனால் முப்பத்துநான்காம் இலக்கத்தையும் பெற்றுக்கொண்டு, ஜமீர் கிப்ஸ் என்பவரைத் தெரிந்தது. அன்று நகைத்தவர் பலர். 2024 பருவத்தில் அக்கழகம் பதினேழில் பதினைந்தை வென்றபோது நகைப்பு அடங்கியது.

ஓட்டக்காரனுக்கு மதிப்பே இல்லை என்று கூறுவோருக்கும் ஒரு மறுமொழி உண்டு. 2018 தெரிவில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் தனக்குரிய இரண்டாம் இலக்கத்தில் சேக்குவன் பார்க்லியை எடுத்தது. அவர் அங்கிருந்த ஆறு பருவத்தில், வாகைக்கான ஆட்டங்களில் அக்கழகம் வென்றது ஒன்றே. 2024 இலே ஒப்பந்தம் முடிந்து வெளிவந்த அவரைப் பிலடெல்பியா ஈகிள்ஸ், தெரிவு ஒன்றையும் இழவாது, சம்பளம் மாத்திரம் பேசிச் சேர்த்துக்கொண்டது. அப்பருவத்தில் அவர் ஓடியது 2,005 யார். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், அவருடைய இருபத்தெட்டாம் பிறந்த நாளில், ஈகிள்ஸ் சுப்பர் போல் வாகையைச் சூடியது. அவருக்கு வழி திறந்த ஐவருள் ஒருவர் ஜோர்டன் மைலாற்றா என்னும் அவுஸ்திரேலியர். றகர் லீக் ஆடியவர். அமெரிக்கக் காற்பந்தை முன்னர் ஒருநாளும் ஆடியறியாதவர். அதே 2018 தெரிவிலே, பார்க்லி இரண்டாவதாக அழைக்கப்பட்ட அந்தத் தெரிவிலே, ஈகிள்ஸ் அவரை ஏழாஞ் சுற்றில் இருநூற்று முப்பத்துமூன்றாவது பெயராக அழைத்திருந்தது.