உடம்பு சொல்லும் சேதி – 6: உலர்ந்து விழுந்த அரிசி

மூளைக்குள் இருக்கும் அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடித்ததும், சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஆணை பறப்பது வரை போன வாரம் வந்துவிட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பதற்றத்தின் உடல் அறிகுறிகள் பாதி, மன அறிகுறிகள் பாதி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு பிடி அரிசி குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே நகர எனக்கு மனம் வரவில்லை.

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் வலி, பசி, பயம், கோபம் ஆகிய நான்கும் உடம்பில் செய்யும் மாற்றங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு’ என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்வரை படிக்கும் கருத்து அவருடையது. பயந்தவனுக்கு எச்சில் வற்றும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டுத் தேடிய இடம் நம் நாடு. திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளான பலரையும் வரிசையாக நிறுத்தி, பூசையில் வைத்த அரிசியைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். சிறிது நேரம் கழித்து அரச இலையில் துப்ப வேண்டும். எவன் துப்பிய அரிசி ஈரமில்லாமல் விழுகிறதோ அவனே திருடன்.

கேனன் இதைக் கேள்விப்பட்டு எழுதினாரோ என்ற ஐயத்தில் பின்னோக்கிப் போனேன். 1788-இல் கல்கத்தாவில் வெளியான ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில், காசியில் தலைமை நீதிபதியாக இருந்த அலி இப்ராஹிம் கான் இந்தியாவில் வழங்கிய சத்தியச் சோதனைகள் ஒன்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். தராசு, நெருப்பு, தண்ணீர், விஷம் என்று போகும் அந்த வரிசையில் அரிசியும் இருக்கிறது. சாளக்கிராமத்தோடு நிறுத்து எடுத்த அரிசியை மெல்லக் கொடுப்பார்களாம். துப்பியது உலர்ந்திருந்தாலோ இரத்தக் கறை பட்டிருந்தாலோ குற்றம் உறுதி. அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய நாரத ஸ்மிருதி போன்ற நூல்களிலும் அரிசிச் சோதனை உண்டு. மெல்லும்போது உடம்பு நடுங்கினால் அதையும் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன அவை.

சாதாரணமாக நம் வாயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எச்சில் ஊறுகிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், செரிமானத்தைக் கவனிக்கும் நரம்புகள் ஓய்கின்றன. ஓடவும் சண்டையிடவும் உதவும் பரிவு நரம்புகள் பொறுப்பேற்கின்றன. புலி துரத்தும்போது சோறு செரிக்க வேண்டிய அவசியம் என்ன? அதனால் வாய் வறள்கிறது, தொண்டை ஒட்டுகிறது, விழுங்கினால் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது. உடலியல்படி அந்தக் காலத்து மனிதர்கள் கவனித்தது முழுக்க உண்மை.

அவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். திருடாத வேலைக்காரன் ஒருவன் அங்கே நின்றிருப்பான். எஜமான் முறைக்கிறார், ஊரே சுற்றி நிற்கிறது, தப்பாகிவிட்டால் கையோ உயிரோ போகும். அவன் வாயில் எச்சில் ஊறுமா? பக்கத்தில் நிற்கும் கைதேர்ந்த திருடனுக்கோ இது பழகிய விஷயம்; மென்று துப்பிவிட்டுப் போயிருப்பான். உலர்ந்த அரிசி சொன்ன சேதி ‘இவன் பயந்திருக்கிறான்’ என்பது மட்டுமே. எதற்குப் பயந்தான் என்று அரிசிக்குத் தெரியாது. எத்தனை நிரபராதிகள் ஓர் அரச இலையின் முன்னால் வாழ்க்கையை இழந்தார்களோ என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இது பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. பொய் கண்டறியும் கருவி என்று காவல்துறை பயன்படுத்தும் பாலிகிராஃப் எதை அளக்கிறது? மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை. எல்லாம் அந்த அரிசியின் உறவுகள்தான். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையையும் நார்கோ சோதனையையும் மூளை வரைபடச் சோதனையையும் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவு 20(3) அதற்கு அடிப்படை. நான் பெரிதும் மதிக்கும் தீர்ப்புகளில் ஒன்று அது.

நம் வீடுகளில் மட்டும் அரிசிச் சோதனை இன்னும் நடக்கிறது. தேர்வுக்குப் புறப்படும் பெண் வாந்தி எடுத்தால் ‘படிக்கலை, அதான் நடிக்கிறா’. நேர்முகத் தேர்வில் பையனின் கை நடுங்கினால் ‘விஷயம் தெரியாதவன்’. மாமியார் வீட்டில் பேச்சுக் குழறும் மருமகள் ‘எதையோ மறைக்கிறாள்’. உடம்பு காட்டும் பதற்றத்தைக் குணத்தின் குறையாகப் படிக்கும் இந்தப் பழக்கம் இருக்கும்வரை, அறிகுறியைச் சொல்லவே பலர் அஞ்சுவார்கள். இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

கேனனை விட மனமில்லை. அவருக்கு இந்த ஆர்வம் தொற்றிய கதையையும் கேளுங்கள். ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த அடுத்த ஆண்டே, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த கேனன், பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, இரைப்பை அசைவதை அந்தக் கதிரின் வழியே பார்க்கத் தொடங்கினார். சில நேரம் அசைவு திடீரென்று நின்றுவிட்டது. கருவியில் கோளாறு இல்லை. பூனை மிரண்ட நேரம் அது. மூச்சு சற்றுத் திணறும்படி செய்தால் இரைப்பை நின்றது. தடவிக்கொடுத்துச் சமாதானப்படுத்தினால் மறுபடி அசைந்தது. மிரட்சி வயிற்றை நிறுத்துவதை மனிதன் கண்ணால் கண்ட தருணம் அது.

அந்தப் பூனையின் வயிறுதான் நமக்கும். பரபரப்பு நாட்களில் பசி எடுக்காது, சாப்பிட்டால் கல் மாதிரி நிற்கும், குமட்டும். மேலே இரைப்பை மந்தமாகும்போது கீழே பெருங்குடல் வேகம் எடுக்கும். அதனால்தான் வெளியே கிளம்பும் நேரத்தில் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடுகிறோம். ‘எல்லாம் கேஸ்’ என்று மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு, மூல காரணம் மனத்தின் ஓயாத கலக்கம் என்று யாரும் சொன்னதே இல்லை.

அடுத்தது நெஞ்சு. சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் நின்றால் ‘ஈ.சி.ஜி. நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா படபடப்பு போகலை’ என்ற பேச்சு காதில் விழும். இந்த முறையீடு பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களைப் பரிசோதித்த மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, முந்நூறு பேரின் விவரத்தை 1871-இல் வெளியிட்டார். படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், களைப்பு. இதயத்திலோ பெரிய கோளாறு தென்படவில்லை. இதில் பெரும்பகுதி பதற்றத்தின் உடல் முகம் என்று பிற்கால மருத்துவம் கருதியது. ஆனால் அந்த வலி உண்மை. அந்தச் சிப்பாய்கள் பொய் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. நார்மல் என்றால், அதை எடுத்த நேரத்தில் அதில் கோளாறு தெரியவில்லை என்று மட்டுமே பொருள். படபடப்பு ஏன் என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லாது.

உச்சக்கட்டம் பேனிக் அட்டாக். சில நிமிடங்களுக்குள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், சிகரம் தொடும். இதயம் அடித்துக்கொள்ளும், வியர்க்கும், நடுங்கும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். பலரைக் கலங்க வைப்பது விரல்களிலும் வாயைச் சுற்றியும் வரும் மதமதப்பு. வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, நரம்புகள் கூசுகின்றன, சில நேரம் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்கின்றன. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் தணியும். மூக்கில் காகிதப் பையைக் கவிழ்க்கும் சினிமா வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பவருக்கு அது ஆபத்து.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இது டென்ஷன்தான்’ என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். முதல் முறை நெஞ்சு வலி வந்தால், அழுத்தம் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வெறும் மூச்சிரைப்பாகவும் அசதியாகவும்கூட வரலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்த சோகை, சர்க்கரை இறங்குவது, சால்பியூட்டமால் போன்ற ஆஸ்துமா மருந்து, அளவு மீறிய காபி எல்லாமே பதற்றத்தைப்போல வேடம் கட்டும். முதலில் இவற்றை மருத்துவர் பார்த்து விலக்கட்டும்.

மனத்தின் பக்கம் வருவதற்குள் இடம் சுருங்கிவிட்டது. ஆனால் ஐப்பசி பிறக்கும்போதெல்லாம் எங்கள் பகுதியில் நான் பார்ப்பதை இந்த வாரமே சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து அடையாறு கரை மீற, ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளங்கள் மூழ்கின. அன்று அங்கே தரைத்தளத்தில் இருந்த ஓர் அம்மா இப்போது எங்கள் தெருவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று டிவியில் சொன்னால் போதும், அன்று அவருக்குத் தூக்கம் இல்லை. இரவெல்லாம் பால்கனிக்கு வந்து தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். மகனுக்கு விடாமல் போன் போடுவார். சாதாரணப் பேச்சுக்கும் எரிந்து விழுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு இது இன்னும் கூடிவிட்டது.

“ரெண்டாவது மாடிக்குத் தண்ணி வராதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சு என்ன பண்றது? மனசு கேக்க மாட்டேங்குது” என்றார் ஒருநாள்.

மன அறிகுறிகளின் முக்கியமான பகுதி இந்த ஒரு மனுஷியின் ஒரு இரவில் இருக்கிறது. நடக்காததை நடந்ததுபோல் ஓட்டிப் பார்ப்பது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, ‘ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பது, எரிச்சல், கவனம் சிதறுவது, உறக்கம் கலைவது. சான்றிதழ்களையும் ஆதார் அட்டையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார் அவர். அதை நான் நோயின் கணக்கில் சேர்க்க மாட்டேன். வெள்ளம் கண்ட ஊரில் அது விவேகம். விடிய விடிய பால்கனியில் நிற்பதுதான் கவலைக்குரியது. எவ்வளவு நாளாக, எவ்வளவு அதிகமாக, அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது என்ற மூன்றையும் கேட்டால் எல்லைக்கோடு தெரியும். கவலை பல விஷயங்களுக்கும் பரவி, ஆறு மாதம் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாமல் தொடர்ந்தால், பொதுவான பதற்றக் கோளாறா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். ஓரிடம், ஒரு நிகழ்வு, ஒரு பருவத்தோடு ஒட்டிய அச்சத்துக்கு வேறு பெயர்களும் வேறு வழிகளும் உண்டு. அந்த வேறுபாடும், மக்கள் பயந்து ஒதுங்கும் இடங்கள் எப்படி ஒவ்வொன்றாகப் பெருகுகின்றன என்பதும், 2006-இல் ஸ்பிட்சரும் அவர் குழுவினரும் உருவாக்கிய ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்வித் தாளும் அடுத்த வாரம்.

அதுவரை பொறுக்க முடியாத நிலையில் யாராவது இருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மற்றவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். படபடப்போ வயிற்றுக் கலக்கமோ வந்தால் ஒரு தாளில் குறியுங்கள்: மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனத்தில் என்ன ஓடியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று எத்தனை காபி. மருத்துவரிடம் போகும்போது ஈ.சி.ஜி. தாளோடு அந்தத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

(தொடரும்)