கொட்டுற மழை எல்லாம் மேக வெடிப்பா? முன்கூட்டியே தெரிந்து கொள்வது எப்படி?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி சனிக்கிழமை இரவு. சாப்பிட்டு படுக்கப் போற நேரத்தில் வடசென்னையில் வானம் பொத்துக்கிட்டு ஊத்தியது. விடிந்து பார்த்தால் மணலியில் மட்டும் 27 செ.மீ. மழை! மேக வெடிப்புதான் காரணம் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தது.

அதென்ன மேக வெடிப்பு? மேகம் பட்டாசு மாதிரி வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் வெடிப்பதில்லை. சுமார் 20 முதல் 30 சதுர கிலோ மீட்டர் பரப்பில், ஒரே மணி நேரத்தில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் மழை கொட்டினால் அதற்குப் பெயர்தான் மேக வெடிப்பு. 10 செ.மீ. என்றால் சும்மா இல்லை. ஒரு கிரவுண்டு இடத்தில் சுமார் 22 ஆயிரம் லிட்டர், கிட்டத்தட்ட 2 டேங்கர் லாரி தண்ணீர். எந்தக் கால்வாய் தாங்கும்?

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இதையும் மேக வெடிப்பு என்றே பலர் பேசினார்கள். ஆனால் அது மணிக்கணக்கில் விடாமல் பெய்த மழை. வளிமண்டல சுழற்சிதான் காரணம். சேதம் பெரிதாக இருந்தாலும் வகை வேறு.

மேக வெடிப்பை முதல் நாளே இந்த ஏரியா என்று சொல்வது ரொம்ப கஷ்டம். மேகம் திரண்டு, கொட்டி, கலைவது எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்து விடும். மேகம் வளர்ந்த பிறகுதான் ரேடாரில் தெரியும். 2021 டிசம்பர் 30-ந்தேதி சென்னையில் அப்படித்தான், எதிர்பாராமல் கனமழை கொட்டியது. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நடுரோட்டில் தவித்தனர். மின்சாரம் தாக்கி 3 பேர் பலியானார்கள்.

வானத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பகலெல்லாம் புழுக்கம். பிற்பகலில் காலிபிளவர் மாதிரி மேகம் மளமளவென உயரும். அடிப்பாகம் மை போல கறுக்கும். உச்சி தட்டையாக விரியும். திடீரென சில்லென்று காற்று வீசினால், 'அப்பாடா' என்று மொட்டை மாடியில் நிற்கக் கூடாது. மேகத்தில் இருந்து கீழே இறங்கும் குளிர்ந்த காற்று அது. பின்னாலேயே மழை வரும்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவதும், 'தாண்டிடலாம்' என்று சுரங்கப்பாதை தண்ணீரில் பைக்கை விடுவதும் ஆபத்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். அப்போதும் மின்கம்பம், தெரு மின்பெட்டி பக்கம் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.