நெட் போனால் யாரிடம் சொல்வது?

எருமப்பட்டியில் வீட்டு இணையம் நின்றுபோனால் முதல் போன் நிறுவனத்துக்குப் போவதில்லை, கேபிள்காரருக்குத்தான் போகிறது. அவர் உள்ளூர்க்காரர், வீடு தெரிந்தவர். “அண்ணா, காலையில இருந்து நெட்டு வரலைங்க” என்றால், “சாயங்காலம் வந்து பாக்கறேனுங்க” என்பார். வரவும் செய்வார். ஆனால் அவர் வர நான்கு நாள் ஆனால், அந்த நான்கு நாளும் நெட் இல்லை என்பதற்கு எங்குமே பதிவு இருக்காது. மாதக் கட்டணத்தை முழுதாகக் கட்டிவிடுகிறோம். விதிப்படி நமக்குச் சேர வேண்டிய தள்ளுபடி கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய பேரூராட்சி இது. கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலை பார்ப்பதும், பண்ணையின் கேமராவை வீட்டிலிருந்தே கவனிப்பதும், பிள்ளைகள் படிப்பதும் நெட்டை நம்பித்தான் நடக்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் எல்லா நிறுவனமும் சொந்த ஆட்களை வைத்திருப்பதில்லை. பல இடங்களில் ஊர் கேபிள்காரரோடு ஒப்பந்தம் போட்டு, கரண்ட் கம்பங்கள் வழியாக அவர் இழுத்திருக்கும் ஃபைபரில் இணைப்பு தருகிறார்கள். ரசீதில் இருப்பது நிறுவனத்தின் பெயர், கம்பத்தில் ஏறுவது வேறொருவர். கேபிள்காரர் மேல் மட்டும் கோபப்படுவது நியாயமில்லை. பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஓடுகிறவர் அவர்.

பழுது எங்கே என்பதைப் பெட்டியே ஓரளவு சொல்லிவிடும். ஃபைபர் வந்து சேரும் அந்தப் பெட்டியில் எல்.ஓ.எஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வீட்டுக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஃபைபர் என்பது முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி தாழ்வாகத் தொங்கும் கேபிளை இழுத்துப்போவது, மின்வாரியத்தார் மரக்கிளை வெட்டும்போது சேர்ந்து அறுபடுவது, சாலைக்குப் பள்ளம் தோண்டும் ஜே.சி.பி.யில் சிக்குவது எல்லாமே இதற்குக் காரணமாகலாம். அறுந்த இழையை உருக்கி ஒட்டுவதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். அது கைவசம் இல்லாதபோதுதான் “நாளைக்கு” என்ற பதில் வருகிறது.

சிவப்பு விளக்கு இல்லை, பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் கம்பத்தைப் பார்த்துப் பயனில்லை. பணம் கட்டிய கணக்கிலோ, நிறுவனத்தின் மேல்மட்ட இணைப்பிலோ, வீட்டு வைஃபையிலோதான் கோளாறு இருக்கும். அடிக்கடி வந்து வந்து போகிறதா? பழுது பார்க்க வருகிறவரிடம் ஒளி அளக்கும் மீட்டர் இருக்கும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். மைனஸ் 20 டி.பி.எம் அருகில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் வழியில் ஒட்டுகள் அதிகம், அல்லது கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் தொல்லை திரும்ப வரும்.

மின்நிறுத்த நாளில் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விடுகிறது என்றால், கேபிள்காரரின் அறையிலோ வழியிலுள்ள கருவியிலோ பேட்டரி தீர்ந்திருக்கும். இணைப்பு வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கரண்ட் போனால் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

வேகம் பற்றியும் கொஞ்சம். 100 எம்.பி.பி.எஸ் திட்டத்தில் ஒரு வினாடிக்கு இறங்குவது 12.5 மெகாபைட்தான். விளம்பரத்தில் சொல்வது பிட் கணக்கு, நம் போனில் கோப்பின் அளவு காட்டுவது பைட் கணக்கு. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையில் வரும் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பகிர்வதில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் இரவில் மட்டும் வேகம் இழுக்கிறதென்றால், மேலிருந்து வாங்கும் கொள்ளளவு போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ரூட்டரோடு கம்பி போட்டுக் கணினியை இணைத்து, பகலிலும் இரவிலும் வேகத்தைச் சோதித்துப் படம் எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்த சோதனையை “உங்க வீட்டுச் சுவருதான் தடுக்குதுங்க” என்று எளிதில் தள்ளிவிடுவார்கள்.

இனி உரிமைக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே பிராட்பேண்டுக்குத் தரவிதிகள் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் அவற்றைப் புதுப்பித்தது. கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு வாடகைத் தள்ளுபடி தர வேண்டும். ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் பெரிய சேவை முடக்கம் ஏற்பட்டாலும் கட்டணத்தில் ஈடு செய்ய வேண்டும். விதியை மீறும் நிறுவனத்துக்கான அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது.

ஆனால் அந்த மூன்று நாள் எப்போது தொடங்குகிறது? புகார் பதிவான நேரத்திலிருந்து. கேபிள்காரருக்குப் போன் செய்த நேரம் நிறுவனத்தின் கணக்கில் ஏறாது. எனவே அவரிடம் சொல்லுங்கள், கையோடு நிறுவனத்தின் புகார் மையத்துக்கோ செயலிக்கோ போய்ப் புகாரைப் பதிந்து எண்ணை வாங்குங்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கத் தேவையில்லை. புகார்கள் பதிவானால்தான் இங்கே ஆள் போதவில்லை, கேபிள் பழசு என்பது நிறுவனத்துக்கு எட்டும். சரியாகாமலேயே “சரிசெய்யப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றே மறுபுகார் கொடுங்கள்.

புகார் மையம் தீர்க்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலும் பேசலாம்.

அதற்கும் அசையவில்லையென்றால் நாமக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி, இணைய வழக்குகள் அங்கே நிற்காது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடின. நிற்கும் என்று 2022 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. புகார் எண்கள், பணம் கட்டிய ரசீதுகள், வேகச் சோதனைப் படங்கள், மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.