பேரு ஏன் வாளி மாதிரி எறங்குது?

தென்காசியில் ஒரு கல்யாண வீடியோ. பின்னணியில் குற்றாலம் மெயினருவி ஜோராக விழுகிறது. மேலிருந்து மணமக்கள் பெயர் ஒரே வேகத்தில் இறங்கி, 'டக்'கென்று நிற்கிறது!

"ஏல, பேரு என்ன கெணத்து வாளி மாதிரி எறங்குது?" என்றார் பெண்ணின் சித்தப்பா. எடிட்டர் தம்பிக்கு வியர்த்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். ஆர்டர் போய்விடுமே!

விஷயம் இதுதான். 'இங்கே ஆரம்பம், இங்கே முடிவு' என்று இரண்டு கீஃப்ரேம் வைத்தால், நடுவில் உள்ள தூரத்தைக் கம்ப்யூட்டர் சமமாகப் பங்கு போட்டுவிடும். நிஜத்தில் விழுகிற பொருள் முதல் செகண்டில் சுமார் 5 மீட்டர், அடுத்த செகண்டில் 15 மீட்டர் இறங்கும். அதனால் கிராஃப் கோட்டை வளைக்க வேண்டும்: முதலில் படுத்து, போகப் போகச் செங்குத்தாக. (இந்த வளைவுகளை 1960-களில் பிரபலமாக்கியவர் ரெனோ கார் கம்பெனி இன்ஜினீயர் பியர் பெஸியே. காருக்குப் போட்ட கோடு, கல்யாணத்துக்கு உதவுது!)

மெயினருவியும் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாகடல் பள்ளத்தில் விழுந்து, பொங்கித்தான் கிளம்புகிறது. தம்பி அங்கே ஒரு கீஃப்ரேம் கூட்டி, பெயரைக் கொஞ்சம் தயங்கவிட்டார். கடைசியில் கோட்டைப் படுக்கவைத்து மெள்ள நிறுத்தினார்.

சித்தப்பா பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஆவணியில தேதி இருக்கா?"