தஸ்கீகி தந்த சிறகுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் தஸ்கீகி விமானப் பயிற்சித்தளத்தின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அதன் முரணை எண்ணி வியப்பேன். கறுப்பினத்தவர் போரிலே தலைமை தாங்கத் தகுதியற்றவரென 1925இல் இராணுவப் போர்க் கல்லூரி அறிக்கையொன்று உரைத்தது. அவர்தம் கோரிக்கையைத் தட்டமுடியாத அரசு, 1941இல் அவர்களுக்கெனத் தனித்தளம் அமைத்தது; வெள்ளையரோடு ஒருங்கே பயிற்ற மட்டும் மனம் வரவில்லை.

முதலணியிற் சேர்ந்தோர் 13 பேர். 1942 மார்ச்சிலே விமானிகளாய்த் தேறியோர் ஐவர். அவருள் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் நான்காண்டுகள் சகமாணவர் எவரும் அவரோடு நட்பாய்ப் பேசியதில்லை. அந்த மௌனத்தைத் தாங்கிய நெஞ்சுக்கு ஆகாயம் பெரிதன்று என்றே கருதுகிறேன்.

1946 வரை ஏறத்தாழ 1,000 விமானிகள் அங்கே உருவாகினர். நூற்றுக்கணக்கானோர் வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டனர். படைகளில் நிறபேதத்தை ஒழிக்கும் ஆணையை ஜனாதிபதி ட்றூமன் 1948இல் பிறப்பித்தார். அதற்கு முன்பே தளம் மூடப்பட்டிருந்தது.