பூட்டுப் போட்ட புத்தகம்!

"அண்ணே, புக்கு செத்துப் போச்சுண்ணே!"

அரியலூரிலிருந்து போனில் அலறினான் என் சித்தப்பா பையன். பி.காம். படிக்கிறான். பெரம்பலூரில் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகம் கிழியும், நனையும், கரையான் அரிக்கும். இரவல் வாங்கிப் போனவன் வீட்டில் ஆயுள் தண்டனை கூட அனுபவிக்கும். சாகுமா என்ன?

சாகும் என்று அரியலூர் போனதும் தெரிந்தது. (சிமென்ட் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்த பஸ்ஸில் போய் இறங்கியபோது நானே அரை மூட்டை சிமென்ட் மாதிரிதான் இருந்தேன். அது தனிக் கதை.)

விஷயம் இதுதான். காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்துக்கு ஆன்லைனில் 450 ரூபாய் கட்டி 'ஈ-புக்' வாங்கியிருக்கிறான். செமஸ்டர் முடிந்தது. புத்தகம் பாஸ், பையன் அரியர். மறுபடி எழுத வேண்டுமே என்று நவம்பரில் புத்தகத்தைத் திறந்தால், 'உங்கள் 180 நாள் உரிமம் முடிந்துவிட்டது' என்கிறது திரை. பரீட்சைக்கு இன்னும் ஒன்பதே நாள்!

உயிரோடு இருந்தபோதாவது அது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு வரியை நோட்ஸுக்குக் காப்பி எடுக்கலாம் என்று விரலை அழுத்தினால் அசையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அமாவாசை இருட்டு. பிரின்ட் மொத்தமே 10 பக்கம்தான். காஸ்ட் ஷீட்டை போன் திரையில் பார்த்தால், செலவின் பெயர் தெரியும்போது தொகை தெரியாது. தொகையைத் தள்ளிக் கொண்டுவந்தால் பெயர் ஓடிவிடும். பையன் ஃபெயில் ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற சித்தப்பா தலையைச் சொறிந்தார். "ஏம்ப்பா, காசு குடுத்துத்தானே வாங்குனோம்? வித்தவனே நடுராத்திரி வீடு பூந்து அலமாரியத் தொறந்து எடுத்துட்டுப் போன மாதிரில்ல இருக்கு?"

பி.காம். படித்த நான் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன்.

என் காலத்தில் இதே பாடத்துக்கு நான் வைத்திருந்த புத்தகம் ஐந்தாம் கை. முதல் பக்கத்தில் எனக்கு முன்னால் நாலு பேர் பெயர். ஓரத்திலே 'இந்தக் கணக்கு மூணு வருஷமா வருது, விட்டுடாதே' என்று முகம் தெரியாத ஒரு அண்ணன் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்த வருஷமும் வந்தது. பாஸானேன். 150 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வருஷம் படித்து, ஜூனியரிடம் 100 ரூபாய்க்குத் தள்ளினேன். நிகரச் செலவு 50 ரூபாய். தம்பிக்கோ ஆறு மாதத்தில் 450 ரூபாய் காலி. எங்கள் பாஷையில் சொன்னால், ஸ்கிராப் வேல்யூ பூஜ்யம்.

ஏன் இப்படி? 'வாங்கு' என்று பட்டன் இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் நமக்கு விற்பது புத்தகத்தை அல்ல, படிக்கிற அனுமதியை. கோப்பு சங்கேத எழுத்தில் பூட்டப்பட்டிருக்கும். சாவி கம்பெனியின் கம்ப்யூட்டரில். எத்தனை போனில், எத்தனை நாள், எத்தனை பக்கம் என்பதெல்லாம் சாவிக்காரர் இஷ்டம். நாம் 'சம்மதம்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறோமே, அந்த நீளமான ஆங்கிலத்தில் இது அத்தனையும் இருக்கும்.

சித்தப்பா சொன்ன அலமாரித் திருட்டு நிஜமாகவே நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், தன் கிண்டில் கருவிகளிலிருந்து விற்ற புத்தகங்களையே ராவோடு ராவாக அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அழிந்த புத்தகம் எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! குடிமகனை அரசாங்கம் ஓயாமல் வேவு பார்ப்பதைப் பற்றிய நாவல். பள்ளிக்கூடத்துக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்த அமெரிக்க மாணவன் ஒருவன், குறிப்பெல்லாம் வீணாகிவிட்டதென்று கோர்ட்டுக்குப் போனான். அமேசான் மன்னிப்புக் கேட்டது, 1,50,000 டாலரில் வழக்கும் சமரசமானது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஈ-புக் கடையையே மூடியது. பணம் திரும்பி வந்தது. புத்தகங்கள் போயே போயின.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி என்று ஒரு சின்னக் கடை. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்தது. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. வேண்டாம் என்று அமர்த்தியா சென்னே கடிதம் எழுதினார். 2016 செப்டம்பர் 16-ல் டெல்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காப்புரிமைச் சட்டம் 52(1)(i) பிரிவின்படி, ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்துவதற்காக நகல் எடுப்பது குற்றமில்லை. அதே டிசம்பரில் அப்பீலை விசாரித்த இரு நீதிபதிகளும், பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம் என்றார்கள். எடுத்தது தேவையானதுதானா என்பதை மட்டும் விசாரிக்கச் சொன்னார்கள். 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கின.

ஆக, காகிதப் புத்தகம் என்றால் தம்பி தைரியமாக ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கலாம். அதே பாடம் போனுக்குள் இருந்தால்? சட்டம் திறந்து வைத்த ஜன்னலை சாஃப்ட்வேர் ஆணியடித்து மூடிவிட்டது.

உடைக்கலாமா என்றால், 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு குறுக்கே நிற்கிறது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக என்றால் பாதகமில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால், அதற்கு இன்னொருவர் உதவினால், உடைக்கச் சொன்னவரின் பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும்! நம்மூர் செல்போன் ரிப்பேர் கடையில் இதைப் போய்க் கேட்டால், "ஸ்கிரீன் மாத்தணுமா சார்?" என்பார்.

பதிப்பகங்கள் பக்கமும் நியாயம் உண்டு. நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான். முழுப் புத்தகத்தையும் அப்படியே நகலெடுத்துப் பாதி விலைக்கு விற்பது திருட்டு, சந்தேகமே இல்லை. ஆனால், திருட்டுக் காப்பி வைத்திருப்பவனுக்கு 180 நாள் கெடுவும் இல்லை, 10 பக்க வரம்பும் இல்லை. பூட்டெல்லாம் காசு கொடுத்த யோக்கியனுக்குத்தான்!

நம்ம பக்கம் புத்தகத்துக்காக அலைந்த கதை புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் சிறுவனாக அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். பிறகு பெரம்பலூர் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். அவருடைய குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே. தண்டியலங்காரம் தெரிந்த ஒரு பரதேசி பிச்சைக்குப் போகும்போதெல்லாம் கூடவே போய்ப் பாடம் கேட்டாராம். அந்தப் பரதேசியும் ஒரு பூட்டுதான். ஆனால், கெஞ்சினால் மனம் இரங்குகிற பூட்டு. தம்பியின் ஆப்பிடம் கெஞ்ச முடியுமா? 'கஸ்டமர் கேரு'க்கு மூன்று மெயில் போட்டோம். 'உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று மூன்று பதில் வந்தது. புத்தகம் வரவில்லை.

கடைசியில் வழி கிடைத்தது. நாட்டுக்கே காஸ்ட் அக்கவுன்டன்டுகளை உருவாக்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் காஸ்ட் அக்கவுன்டன்ட்ஸ், தன் பாட நூல்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கெடு கிடையாது. சி.ஏ. நிறுவனமும் அப்படியே. பாடத்திட்டம் அச்சு அசலாக ஒன்றில்லைதான். ஆனால், காஸ்ட் ஷீட் எங்கே போனாலும் காஸ்ட் ஷீட்தானே! வேண்டிய அத்தியாயங்களை மட்டும் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது நாள் ராத்திரி பகலாகப் படித்தான்.

நீங்களோ உங்கள் தம்பியோ ஈ-புக் வாங்குவதாக இருந்தால் நாலே கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள்? எத்தனை கருவி? எத்தனை பக்கம் பிரின்ட்? நெட் இல்லாமல் திறக்குமா? பதில் இல்லையென்றால் பர்ஸை மூடுங்கள். கல்லூரி நூலகத்தில் அச்சுப் பிரதி கேளுங்கள். வருஷா வருஷம் நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்யும் ஆசிரியரிடமும் இந்த நாலு கேள்வியைப் போட்டு வையுங்கள். ஒரு பையன் கேட்டால் முறைப்பார். வகுப்பே கேட்டால் யோசிப்பார்.

தம்பி? 54 மார்க் வாங்கி அரியரை முடித்தான். போன வாரம் ஸ்பைரல் புத்தகத்தை ஒரு ஜூனியர் பையனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, கீழே நாலு பேருக்கு இடம் விட்டிருக்கிறானாம்.

"காசு வாங்குனியாடா?" என்றேன்.

"இல்லண்ணே... ஒரு டீயோட முடிச்சுக்கிட்டேன்."

ஈ-புக்கை விட்டால் அந்த டீ கூடக் கிடைத்திருக்காது!